21 தீவுகளும் இடுப்பளவுத் தண்ணீரும்

அக்கா மகளுக்கு ஸ்கூல் ப்ராஜெக்ட்: மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. லீவுக்குத் திருவிடந்தை வந்தவள் என்னையும் இழுத்து உட்கார வைத்துவிட்டாள். நெட்டில் எங்கே போனாலும் அதே பத்திதான்: 1986-இல் அறிவிக்கப்பட்டது, 560 சதுர கிலோமீட்டர், ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள், பவளப்பாறை, கடல்பசு. "எல்லாத் தீவையும் மேப்ல காட்டுங்க மாமா" என்றாள். எண்ணிப் பார்த்தால் 19தான் வருகிறது.

கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டி, தூத்துக்குடிப் பக்கம் விலங்குசல்லி. இரண்டும் கடலுக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல பத்தாண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்தது ஒரு பெரிய காரணம். தீவுக்கு முன்னால் நின்று அலையை உடைப்பதே அந்தப் பாறைதான். 2001-இல் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தது. அதற்குப் பின்தான் வெட்டுவது மெல்ல நின்றது. அந்த வகையில் சட்டம் நல்லது செய்திருக்கிறது, மறுக்கவில்லை.

என் சண்டை எல்லைக்கோட்டோடு. பூங்கா என்பது தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள ஆழம் குறைந்த கடலும். கோடு ஆழத்தை வைத்துப் போடப்பட்டது. உயிரியல் கணக்கில் சரி, பவளம் அங்கேதான் வளர்கிறது. ஆனால் அங்கே வேலை செய்வது யார்? விசைப்படகுக்காரருக்கு வெளியே ஆழ்கடல் இருக்கிறது. விரலில் துணி சுற்றி, மூச்சுப் பிடித்து முங்கி, மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் கட்டக்கோரையும் பறிக்கிற ராமநாதபுரத்துப் பெண்களுக்குக் கடல் என்றாலே அந்த ஆழமில்லாத தண்ணீர்தான். கரைக்கு வந்தால் காய்ந்த பூமி, கருவேலங்கரி மூட்டம். வேறு கூலி லேசில் கிடைக்காத மாவட்டம் அது.

பாசி எடுப்பதால் பவளம் உடையாதா? சுரண்டி எடுத்தால் உடையும்தான். அந்தப் பெண்களே அதைப் பேசி, சுரண்டும் கருவி வேண்டாம், மாதத்துக்கு 12 நாள் மட்டும் போவோம் என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-இல் சீக்காலஜி விருது வந்தது. அமெரிக்காவில் விருது வாங்கலாம், பக்கத்துத் தீவில் கால் வைத்தால் அத்துமீறல்!

இதே காலத்தில்தான் வெளிநாட்டுக் கப்பாஃபைகஸ் பாசியை வருமானத் திட்டம் என்று இங்கே வளர்க்கவிட்டார்கள். ஒப்பந்தம் போட்டது பெப்சி, அதனால் ஊரில் அதற்குப் பேரே பெப்சி பாசி. வளர்த்தது பாக் நீரிணைப் பக்கம். ஆனால் 2008-இல் குருசடைத் தீவுப் பவளத்தின்மேல் அது படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். நீரோட்டம் கோட்டைப் பார்த்தா ஓடும்? எங்கள் தொழிலில் இதை அக்சஸ் கன்ட்ரோல் தப்பு என்போம்: லாகின் பண்ணி முறையாக வருகிறவரைத் தடுத்துவிட்டு, பின்வாசலைத் திறந்து வைப்பது.

ப்ராஜெக்டில் பாசி எடுக்கும் பெண் ஒருத்தியின் படமும் ஒட்டச் சொன்னேன். "எந்தப் பக்கம் மாமா ஒட்டணும்?" என்றாள். சார்ட்டில் 'விலங்குகள்', 'தாவரங்கள்' என்று இரண்டு தலைப்புகள்தான் இருந்தன.