வாக்குமூலமா, மனத்துயரா?

1955-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் வெளிவந்த ‘லொலிதா’ போன்று வாசகரை இரு அணிகளாகப் பிரித்த புதினங்கள் சிலவே. அவ்வாண்டின் சிறந்த மூன்று நூல்களுள் அதனையும் ஒன்றாகக் கிரகாம் கிரீன் குறிப்பிட்டார். மறு ஆண்டே பிரெஞ்சு அரசு அதற்குத் தடை விதித்தது. ரஷ்யாவில் பிறந்து அமெரிக்கக் குடிமகனான விளாதிமிர் நபக்கோவ் அதனை ஆங்கிலத்தில் எழுதினார். முப்பத்தேழு வயது ஆடவன் ஒருவன் 12 வயதுச் சிறுமியைத் தன் வேட்கைக்கு இரையாக்கும் கொடுமையே கதை. இத்தகைய நூலைக் கையிலெடுக்க நாம் தயங்குவது இயல்பே. ஆனால் எடுத்தபின், பேசுபவன் யார் என்பதை ஒருபோதும் மறத்தலாகாது.

பேசுபவன் ஹம்பர்ட். கொலைக் குற்றத்திற்காகச் சிறையில் இருந்துகொண்டு, நீதிமன்றத்து நடுவர்களை விளித்து அவன் எழுதுகிறான். எனவே இது கதை மட்டுமன்று. தன்னைக் காத்துக்கொள்ளும் வழக்குரையும் ஆகும். இளமையில் இழந்த காதலியைக் காரணம் காட்டுகிறான். சிறுமியே தன்னை மயக்கியதாகச் சொல்கிறான். அழகிய நடையாலும் நகைச்சுவையாலும் நம் சினத்தைத் தணிக்கிறான். சிறுமியின் சொற்கள்கூட அவன் வாய்வழியே நம்மை வந்தடைகின்றன. மோகம் கொண்டவன் எதிரில் நிற்பவரைக் காண்பதில்லை. தன் மோகத்தின் நிழலையே காண்கிறான்.

எனினும் அவன் திரையில் கிழிசல்கள் உண்டு. தான் உறங்குவதுபோல் கிடந்த இரவுகளில் அச்சிறுமி விசும்பி அழுததை, ஏதோ சிறு செய்திபோல் ஓரிடத்தில் சொல்லிவிடுகிறான். நூலின் முன்னுரையிலேயே, 1952-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளில் திருமதி ஷில்லர் என்பவர் பேறுகாலத்தில் இறந்த செய்தி வருகிறது. 17 வயதில் மாண்ட அப்பெண்ணே லொலிதா என்பது பல நூறு பக்கங்கள் கடந்த பின்னரே நமக்கு விளங்கும். அவளது உண்மைப் பெயர் டொலோரஸ். ஸ்பானிய மொழியில் ‘துயரங்கள்’ எனப் பொருள்படும் அப்பெயர், வியாகுல அன்னையின் பெயரிலிருந்து வந்தது. ‘லொலிதா’ என்னும் செல்லப்பெயரால் அந்தத் துயரத்தையே அவன் மூடிவிடுகிறான்.

இறுதிப் பக்கங்களில் ஒரு காட்சி பலரை நெகிழச் செய்வது. மலைச்சரிவில் நிற்கும் ஹம்பர்ட், கீழே ஊரில் விளையாடும் குழந்தைகளின் ஒலியைக் கேட்கிறான். அவ்வொலியில் டொலோரஸின் குரல் இல்லாமற்போனதே தன் குற்றம் என உணர்கிறான். இதனை மனத்துயர் எனக் கொள்ளலாமா? அந்நிகழ்ச்சி உண்மையில் நடந்தது அவள் அவனைவிட்டுத் தப்பிச் சென்ற சிறிது காலத்திற்குள். அதன் பின்னும் அவன் பழிவாங்க ஆண்டுக்கணக்கில் அலைந்தான், கொலையும் செய்தான். முன்பு நடந்ததைக் கடைசியில் வைத்தது வழக்கறிஞனின் சாமர்த்தியம். குற்றத்தை அழகுறச் சொல்வது வேறு. அதனைவிட்டுத் திரும்புவது வேறு. ஒப்புரவு அருட்சாதனத்தை அறிந்த நமக்கு இவ்வேறுபாடு புதிதன்று.

ஆயினும் உலகம் ஹம்பர்ட்டையே நம்பிவிட்டது. ‘லொலிதா’ என்றால் ஆடவரை மயக்கும் சிறுமி என ஆங்கில அகராதிகளே பொருள் கூறுகின்றன. குற்றவாளியின் பொய் அகராதியில் ஏறிவிட்டது. அழுத குழந்தைக்கு அங்கே இடமில்லை. இந்நூலைப் படிப்போர் பக்கந்தோறும் டொலோரஸ் எங்கே எனத் தேடுவார்களாக. நபக்கோவ் நம்மிடம் எதிர்பார்த்த வாசிப்பு அதுவே எனக் கருதுகிறோம்.