எஸ்தாக்கியார் கூத்தும் இரண்டாம் இழப்பும்

யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் ஆடப்பட்டுவந்த கத்தோலிக்க நாட்டுக்கூத்துகளுள் எஸ்தாக்கியார் நாடகமும் ஒன்று. உரோமைச் சேனாபதி ஒருவரின் கதை, சரவணை, மெலிஞ்சிமுனை முதலிய ஊர்களைக் கொண்ட வேலணைத்தீவு போன்றதொரு கடல்சூழ் நிலத்துச் சுவைஞருக்கு எங்ஙனம் உரியதாகும் என்பது திறனாய்வுக்குரிய வினாவாகும்.

திராயான் பேரரசனின் சேனாபதியான பிளாசிது, வேட்டையின்போது கலைமானின் கொம்புகளிடையே சிலுவையைக் கண்டு, எஸ்தாக்கியார் எனும் பெயருடன் திருமுழுக்குப் பெறுகிறார். அதன்பின் செல்வம் அழிகிறது. கப்பற்கூலிக்கு ஈடாக மாலுமி அவர் மனைவியைக் கவர்ந்துகொள்கிறான். ஆற்றைக் கடக்கையில் மைந்தரைச் சிங்கமும் ஓநாயும் தூக்கிச் செல்கின்றன. சேனாபதி வயற்காவலாளராகிறார். பின்னர்ப் போர் மூள, தேடிவந்த வீரர் தழும்பொன்றால் அவரை இனங்காண்கின்றனர். அவர் போரில் வெல்கிறார். பிரிந்த குடும்பமும் கூடுகிறது.

இதுவரை இஃது அரிச்சந்திரன் கதையை ஒத்ததே. வி. வி. வைரமுத்துவின் ‘மயான காண்டம்’ கண்டு உருகிய அவைக்கு இத்துயர் புதிதன்று. ஆனால், அரிச்சந்திரன் கதை மீட்சியோடு நிறைவுறும். எஸ்தாக்கியார் கதை மீட்சியின் பின்னரே தன் மெய்யான சோதனையை எய்துகிறது. வெற்றிக்கு நன்றியாகத் தேவர்க்குப் பலியிடுமாறு அதிரியான் பேரரசன் பணிக்க, மறுத்த அவர் மனைவி மக்களுடன் வெண்கல எருதினுள் எரியூட்டப்படுகிறார். முதல் இழப்பு அவர்மீது வந்து விழுந்தது. இரண்டாவதை, இழப்பின் கொடுமையை அறிந்திருந்தும், அவரே தேர்ந்துகொள்கிறார். அவரது வீரம் வாளில் இல்லை, இம்மறுப்பிலேயே உள்ளது.

கூத்து வடிவத்திற்கு இங்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. வரவுக்கும் வாட்போருக்கும் உரிய ஆட்டமும் தருக்களும் அதனிடம் நிரம்ப உள. வாளேந்தாத சாவை அசைவின்றிக் காட்டுதல் அதற்கு அரிது. போரை நீட்டி முடிவை விரைந்து கடத்தும் அண்ணாவியார், வேதசாட்சியின் கதையை வெறும் இராசகதையாக்கிவிடுவார்.

வரலாற்றுச் சான்று போதாமையால் எஸ்தாக்கியாரின் நினைவுநாள் 1969 இல் உரோமைப் பொது நாட்காட்டியிலிருந்து நீக்கப்பட்டது. எனினும் நாடகத்தின் உண்மை அச்சான்றைச் சார்ந்ததன்று. 1990 இல் தீவுப்பகுதி மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். அதனை அறிந்தோருக்கு ஆற்றங்கரைப் பிரிவே நாடகத்தின் உச்சம் எனத் தோன்றுதல் இயல்பு. ஆயினும், மீண்டும் ஒன்றுகூடிய நால்வரும் சேர்ந்து எருதின்முன் நிற்கும் காட்சியில் அவை அமைதி கொள்ளுமாயின், அதுவே கூத்தின் வெற்றி எனல் தகும்.