கைமாறிய கடன்

ஆடி மாத ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியபாளையத்தில் பேருந்தைவிட்டு இறங்குகிறவர்கள் கையில் ஒரு கைப்பிரதி கொடுக்கிறார்கள். அட்டையில் ஒரு பக்கம் கயிற்றில் கட்டிய ஆடு, இன்னொரு பக்கம் சிலுவை, நடுவில் கொட்டை எழுத்தில் ‘உன் கடன் கட்டப்பட்டது’. உள்ளே பழைய நீதிபதி கதை. குற்றவாளிக்கு அபராதம் விதித்த நீதிபதி, அவனால் கட்ட முடியாது என்று தெரிந்ததும் அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கி வருகிறார். தன் பணத்தைக் கட்டி அவனை அனுப்பிவைக்கிறார். நீதிபதி கடவுள், பணம் கிறிஸ்துவின் இரத்தம். ஆகவே பவானியம்மனுக்கு நேர்ந்துவிட்ட ஆட்டை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போ என்று கைப்பிரதி முடிகிறது.

இதை அச்சிட்ட ஊழியரை எனக்குத் தெரியும். இளைஞர், நேர்மையானவர். இந்தக் கதை வேண்டாம் தம்பி என்று சொல்லிப் பார்த்தேன். “இந்தப் பக்கம் கடன் இல்லாத வீடு ஒண்ணு காட்டுங்க ஐயா. அவங்களுக்குப் புரியுற பாஷையில சொல்றோம், அதுல என்ன தப்பு?” என்று கேட்டார். அவர் மட்டும் சொல்வதில்லை இதை. பெரிய வெள்ளி மும்மணி ஆராதனைகளில், வயல்வெளிப் பந்தல்களில், கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்து வாடகை வீடுகளில் நடக்கும் ஜெபக்கூட்டங்களில் எங்கும் இதே கதை, இதே நியாயம். மக்களுக்குத் தெரிந்த கடனைக் கொண்டு தெரியாத மீட்பை விளக்குகிறோம் என்கிறார்கள். அந்த மக்களுக்குக் கடனைப் பற்றி நன்றாகத் தெரியும் என்பதாலேயே அந்த விளக்கம் கூடாது என்கிறேன் நான்.

அந்தக் கதையால் நன்மை விளையவில்லை என்று சொல்ல மாட்டேன். இரவு ஷிப்ட் முடிந்து நேரே டாஸ்மாக் போய்க்கொண்டிருந்த ஆள் ‘எல்லாம் தீர்ந்தது’ என்ற ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். பரிகாரத்துக்கு மேல் பரிகாரம் என்று செலவழித்து ஓய்ந்துபோன குடும்பத்துக்கு, ஒரே தரம் செலுத்தப்பட்ட பலி என்ற செய்தி பெரிய ஆறுதல். சாதி கேட்காது, காசு கேட்காது என்பதும் உண்மை. நல்லது. கதையின் அடித்தளம் சரியா என்ற கேள்வி அதனால் மறைந்துவிடாது.

மீட்பு என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நம் பேச்சில் அது முதலில் நினைவூட்டுவது அடகுக்கடையை. வட்டி கட்டி நகையை மீட்கிறோம், கட்டத் தவறினால் நகை மூழ்கிப்போகிறது. தமிழ் வேதாகமமும் இந்த வாடையிலிருந்து தப்பவில்லை. பழைய மொழிபெயர்ப்பில் ‘மீட்கும்பொருள்’, கத்தோலிக்கரின் திருவிவிலியத்தில் ‘ஈடு’. இரண்டும் கைக்குக் கை மாறும் விலையைக் குறிக்கும் சொற்கள். அடகு என்று வந்துவிட்டால் அடகுக்கடைக்காரர் யார் என்ற கேள்வியும் வந்துவிடும். பிசாசுக்குக் கொடுத்த விலை என்றார் நிசாவின் கிரகோரி. கொள்ளைக்காரனுக்கு விலையா என்று பதறிய நசியான்சஸின் கிரகோரி, பிதாவுக்கும் அது கொடுக்கப்பட்டதாகச் சொல்ல முடியாது என்றார். அது 4ஆம் நூற்றாண்டு. ஆன்செல்ம் 1098இல் எழுதி முடித்த நூலில் கடன், கடவுளுக்கு மனிதன் செலுத்தத் தவறிய மரியாதை ஆயிற்று. சட்டம் படித்த கால்வினிடம் அது தண்டனை ஆயிற்று. பெரியபாளையத்துக் கைப்பிரதியின் நீதிபதி கால்வின் வழி வந்தவர்.

இப்போது ஊத்துக்கோட்டைச் சாலையிலும் வெங்கல் பக்கமும் இருக்கிற செங்கல் சூளைகளுக்கு வாருங்கள். கொத்தடிமை மீட்பு என்ற சொல் திருவள்ளூர் மாவட்டத்துக்குப் புதிதில்லை. செங்குன்றம் அரிசி ஆலைகளில் அகப்பட்ட இருளர் குடும்பங்களும், ஒடிசாவிலிருந்து மேஸ்திரிகள் கூட்டிவந்த சூளைத் தொழிலாளர்களும் இங்கேதான் மீட்கப்பட்டார்கள். முன்பணம் என்று ஒரு தொகை கொடுக்கப்படும். சீசன் முழுக்கக் கல் அறுத்தாலும் அது குறையாது. வாரச் செலவுக்குக் கொடுத்தது, மருந்துக்குக் கொடுத்தது எல்லாம் ஏறிக்கொண்டே போகும். கணக்கு நோட்டு முதலாளியிடம். இந்தக் குடும்பத்துக்கு இரண்டு வழிகளில் மாற்றம் வரலாம்.

ஒன்று, வேறொரு முதலாளி வந்து பழைய பாக்கியை மொத்தமாகக் கட்டி, குடும்பத்தைத் தன் சூளைக்குக் கூட்டிப்போவது. பழைய நோட்டு மூடப்படும். புது நோட்டின் முதல் வரியில் அதே தொகை எழுதப்படும். புது முதலாளி நல்லவராகவும் இருக்கலாம், கைநீட்டி அடிக்காதவராக இருக்கலாம். கடன் கட்டப்பட்டுவிட்டது என்பதும் பொய்யில்லை. கட்டியவருக்கு இந்தக் குடும்பம் சொந்தம், அவ்வளவுதான்.

மற்றொன்று, 1975 அக்டோபர் 25 முதல் நடப்பில் இருக்கிற வழி. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் நிறைவேறினாலும் அந்தத் தேதியிலிருந்தே செல்லும். அதன்படி யாரும் யாருக்கும் எதுவும் கட்ட வேண்டியதில்லை. கடன் செத்துவிடுகிறது. அதற்காகப் பிடித்துவைத்த பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கோட்டாட்சியர் விடுதலைச் சான்றிதழ் கொடுக்கிறார். இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப்படுவது அந்தச் சட்டத்தின் 9ஆம் பிரிவு. அழிந்த கடனுக்கு முதலாளி பணம் வாங்கிக்கொண்டால் அது குற்றம், 3 ஆண்டு வரை சிறை. இரக்கப்பட்டு ஒரு மூன்றாம் மனிதர் முன்வந்து கட்டினாலும் வாங்கியவர் குற்றவாளி. ஏனென்றால் அந்தப் பணத்தை வாங்கும் ஒவ்வொரு முறையும், உன்னைப் பிடித்துவைக்க எனக்கு உரிமை இருந்தது என்று அவர் மறுபடி எழுதிக்கொள்கிறார்.

வேதாகமத்தின் முதல் பெரிய மீட்பு இந்த இரண்டில் எந்த வழியில் நடந்தது? எகிப்தில் இஸ்ரவேலரும் செங்கல்தான் அறுத்தார்கள். வைக்கோலைக் கொடுக்காமலே அதே கணக்குக்குக் கல் கேட்டார்கள் மேற்பார்வையாளர்கள். சூளையில் வேலை செய்கிறவருக்கு யாத்திராகமம் 5ஆம் அதிகாரத்தை விளக்கவே வேண்டாம். பார்வோனுக்குக் கடவுள் ஒரு காசு கொடுக்கவில்லை. பஸ்கா ஆட்டைத் தண்டிக்கவும் இல்லை, அதன்மேல் பாவம் சுமத்தவும் இல்லை. குடும்பமாக உட்கார்ந்து சாப்பிட்டு, இரவோடு இரவாகப் புறப்பட்டார்கள். பாவநிவாரண நாள் என்று தனியாக ஒன்று இருக்க, இயேசு சாவைச் சந்தித்தது அந்த நாளில் இல்லை, பஸ்காவில். அந்த நிவாரண நாளின் இரண்டு வெள்ளாட்டுக்கடாக்களைக்கூட நம் பிரசங்கங்கள் சரியாகப் பார்ப்பதில்லை. லேவியராகமம் 16இல் பாவங்களை அறிக்கையிட்டுத் தலையில் சுமத்துவது போக்காட்டின்மேல்தான். அதை வெட்டுவதில்லை, உயிரோடு வனாந்தரத்துக்கு ஓட்டிவிடுகிறார்கள். வெட்டப்படுகிற ஆடு வேறு. பாவத்தைச் சுமந்ததால் கொல்லப்பட்ட ஆடு என்று நீதிபதி கதைக்குத் தேவையான ஓர் உயிர் அங்கே இல்லை.

என்னை மடக்குகிறவர்கள் ரூத்தின் கதையைக் காட்டுவார்கள். நெருங்கிய உறவினன் விலை கொடுத்து நிலத்தை மீட்கிறானே என்பார்கள். உண்மைதான். அந்த மரபும் இருக்கிறது. அதை விதிக்கிற லேவியராகமம் 25ஆம் அதிகாரமே, விலை கொடுக்க ஆள் இல்லாதவன் யூபிலி வருஷத்தில் சும்மா போகட்டும் என்றும் விதிக்கிறது. நாசரேத்தின் ஜெப ஆலயத்தில் இயேசு எழுந்து நின்று வாசித்தது இந்த விடுதலை ஆண்டைப் பற்றிய ஏசாயாவின் பகுதியை.

அவர் கடனைப் பற்றிச் சொன்ன கதையும் நம்மிடம் இருக்கிறது. பதினாயிரம் தாலந்து பாக்கி வைத்தவன் காலில் விழுகிறான். ராஜா மனமிரங்கி விட்டுவிடுகிறார். மகனைக் கூப்பிட்டு நீ கட்டு என்று சொல்லவில்லை. இழப்பை ராஜாவே தாங்கிக்கொள்கிறார், நோட்டு கிழிந்துபோகிறது. பழைய மொழிபெயர்ப்பில் பரமண்டல ஜெபம் சொல்லும் சபைகளில் கடன் என்ற சொல்லையே வைத்து மன்னிப்புக் கேட்கிறோம். யாரோ கட்டிவிட்ட கடனில் மன்னிப்பதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? மன்னித்தாயிற்று என்றால் கட்டுவது எதற்கு? பிரசங்கிகள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள், கேட்கிறவர்கள் இரண்டுக்கும் ஆமென் சொல்கிறார்கள்.

நீதிபதி கதையில் எனக்கு ஆத்திரம் மூட்டுவது வேறொன்று. அந்தக் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர் அதில் எங்கே? திருடு கொடுத்தவர், அடி வாங்கியவர், கூலி பறிகொடுத்தவர் யாரும் அந்த நீதிமன்றத்தில் இல்லை. நீதிபதி தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தன் கஜானாவில் போடுகிறார், குற்றவாளி கைவீசிக்கொண்டு வெளியே போகிறான். சூளைத் தொழிலாளியும் சூளை முதலாளியும் ஒரே பந்தலில் உட்கார்ந்து இதைக் கேட்டால் முதலாளிக்குத்தான் நிம்மதி. அவர் யாருக்குப் பாக்கி வைத்தாரோ அவர் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருக்க, பாக்கி மேலே தீர்க்கப்பட்டதாக அறிவிக்கிறார்கள். சகேயுவின் வீட்டில் இப்படி நடக்கவில்லை. ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று அவன் எழுந்து நின்ற அன்றுதான் அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்ததாக இயேசு சொன்னார். பணம் போனது ஏமாந்தவர்களிடம்.

விலைக்கு வாங்கப்பட்டவர்கள் என்று பவுல் எழுதியிருக்கிறாரே? எழுதியிருக்கிறார், யாரிடம் கொடுத்த விலை என்று எங்கும் எழுதவில்லை. கொத்தடிமைகளை வெளியே கொண்டுவரச் சூளைக்குள் போகிறவர்கள் மிரட்டப்படுகிறார்கள், அடிபடுகிறார்கள். அதை விலை என்றுதான் நாமும் சொல்கிறோம். அந்த அடி முதலாளிக்குச் செலுத்திய தவணை ஆகாது. சிலுவையை நான் புரிந்துகொள்வது இப்படித்தான். அடிமைப்பட்டவர்களைத் தேடி உள்ளே போனவரை உள்ளே இருந்த அதிகாரம் கொன்றது. கொன்றவர்களுக்குப் பெயர் உண்டு, விசுவாசப் பிரமாணமே பொந்தியு பிலாத்துவைப் பெயர் சொல்கிறது. நம் நாளிதழ்கள் ஆலை விபத்தில் ‘இருவர் பலி’ என்று போடும்போது கொதிகலனைச் சோதிக்காமல் விட்டது யார் என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள் காணாமல் போகிறது. ‘பலியானார்’ என்று மட்டும் சொல்லும் பிரசங்கத்திலும் பிலாத்து அப்படியே காணாமல் போகிறான். இந்த மண்ணில் சிலுவையைப் பற்றி யோசித்தவர்களில் வேங்கல் சக்கரைச் செட்டியார் ஒருவர். 1932இல் சிலுவையும் இந்தியச் சிந்தனையும் பற்றித் தனி நூல் எழுதியவர், சென்னை மேயராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் இருந்தவர். ஒரு கையில் சிலுவையும் மறு கையில் தொழிலாளர் கோரிக்கையும் வைத்திருக்க முடியும் என்பதற்கு அவர் வாழ்க்கை போதும். அவரை நம் மேடைகள் மறந்துவிட்டன.

பவானியம்மன் கோயிலில் வேப்பஞ்சேலை கட்டி வலம் வருகிற பெண்களுக்குத் தல புராணம் தெரியும். கண்ணனுக்குப் பதிலாக வைக்கப்பட்ட பெண் குழந்தையைக் கம்சன் கொல்லத் தூக்குகிறான். அவன் கையிலிருந்து நழுவி அவள் மேலே எழும்புகிறாள். அவளே இங்கு வந்து அமர்ந்தாள் என்கிறார்கள். ஒருவருக்குப் பதில் ஒருவர் என்ற கதை இந்த ஊருக்கு ஏற்கெனவே இருக்கிறது, அதில் குழந்தையின் உயிரைக் கேட்கிறவன் கம்சன். தெய்வம் கேட்கவில்லை. கையில் கைப்பிரதியோடு அவர்களிடம் போகிற நாம், உயிரைக் கேட்கிற இடத்தில் கடவுளை நிறுத்திக் காட்டுகிறோம். அவர்கள் நேர்ந்த ஆடும் பெரும்பாலும் அன்றே ஆரணியாற்றங்கரையில் சமைத்துச் சொந்தபந்தத்தோடு சாப்பிடுகிற ஆடு. ஓரியூரிலும் புளியம்பட்டியிலும் கத்தோலிக்கர்கள் இதையேதான் செய்கிறார்கள்.

கடன் கட்டப்பட்டது என்று சொல்லி முடித்த பிறகு பிரசங்கம் எங்கே போகிறது என்று கவனியுங்கள். உனக்காக உயிரையே கொடுத்தார், நீ அவருக்கு என்ன கொடுத்தாய்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித் தீராது. தசமபாகம் போதாது, உபவாசம் போதாது, வாழ்நாள் போதாது. புது நோட்டின் முதல் வரி எழுதப்பட்டுவிட்டது. ஒரு பெரிய வெள்ளியன்று மூன்று மணிக்கு ஆராதனை முடிகிற நேரத்தில் எங்கள் வரிசைக்குக் காணிக்கை உறை வந்தது. மேலே ‘நன்றிக்கடன்’ என்று அச்சிட்டிருந்தார்கள். என் பக்கத்தில் இருந்த அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, சுருட்டிய நோட்டு ஒன்றை எடுத்து உறையில் வைத்தார். பேர் எழுதணுமா என்று என்னிடம் கேட்டார். வேண்டாம் அம்மா என்றேன். இல்ல, எழுதுப்பா, அப்புறம் கட்டலைன்னு சொல்லிடப் போறாங்க என்றார்.