கையெழுத்துக்கு முன்னால்

சமூகப்பணி படிக்கும் இளநிலை மாணவர்களுக்கு ஆய்வு அறம் சொல்லித்தரப் போனால் பாடம் டஸ்கிகீயில்தான் தொடங்குகிறது. 1932 முதல் 1972 வரை, கறுப்பின ஆண்களின் மேகநோய் முற்றுவதை மருந்து தராமல் வேடிக்கை பார்த்த அமெரிக்க அரசு; பிறகு 1979-இன் பெல்மான்ட் அறிக்கை. பிள்ளைகள் குறிப்பெடுத்துக்கொள்கிறார்கள். எங்கேயோ வெள்ளைக்காரன் பண்ணின பாவம், நமக்கென்ன.

நான் கம்மத்தை முன்வைக்கிறேன். 2009-இல் அன்றைய ஆந்திரத்தின் அந்த மாவட்டத்தில் 10-14 வயதுச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடப்பட்டது. 'பாத்' என்ற அமெரிக்க நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து செய்தவை. 2010 ஏப்ரலில் நிறுத்தினார்கள். 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு தந்த அறிக்கையைப் பாருங்கள்: ஆந்திரத்தின் 9,543 ஒப்புதல் படிவங்களில் 1,948-இல் கைரேகை, 2,763-இல் கையெழுத்திட்டவர்கள் விடுதிக் காப்பாளர்கள். தடுப்பூசி நல்லதா கெட்டதா என்பதல்ல என் சண்டை. இதை 'ஆய்வு' என்று சொல்லாமல் 'செயல்விளக்கத் திட்டம்' என்றார்கள். பெயர் மாறியதும் அறமும் தளர்ந்துவிடுகிறது.

அந்த வார்டன் யார்? நாம் பயிற்றுவித்து அனுப்புகிற ஆள்தான். ஏழைக்கும் நிறுவனத்துக்கும் நடுவில் நின்று, 'நான் சொன்னா அவங்க கேப்பாங்க' என்று உத்தரவாதம் தருபவர்.

குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர். அவருடைய நந்தன் தீயில் தானே விரும்பி இறங்குகிறான். தீ மூட்டியவர்களும் தில்லைவாழ் அந்தணர்கள், தீயிலிருந்து அவன் எழுந்ததைக் கண்டு தொழுதவர்களும் அவர்களே. நந்தனின் ஒப்புதலை எழுதியது யாருடைய எழுத்தாணி என்று கேட்பது பக்திக்கு விரோதமாகாது.

2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு ஏற்றி அனுப்பப்பட்டவர்களுக்குக் கணக்கெடுப்பு என்றால் வீடு போகும் என்று பொருள். 2025 மே மாதம் பக்கத்து அனகாபுத்தூரிலும் ஆற்றங்கரை வீடுகள் இடிந்தன. அப்படிப்பட்டவர் வாசலில் நோட்டோடு ஒரு மாணவி நிற்கிறாள். 'கையெழுத்துப் போட்டா ஏதாச்சும் கெடைக்குமா? போடலேன்னா பட்டா போயிருமா?' இரண்டுக்கும் 'இல்லை' என்று சொல்லி, அதை அவர் நம்பும்வரை காத்திருப்பதற்குப் பாடத்திட்டத்தில் மணிக்கணக்கு கிடையாது. ஐம்பது படிவம் நிரப்பினால் மதிப்பெண் உண்டு.

படிவத்தைத் திருத்தி என்ன ஆகப்போகிறது? மதிப்பெண்ணைத் திருத்தவேண்டும். எத்தனை பேர் 'வேணாம் தாயி' என்றார்கள், அதைக் கேட்டதும் நீ எப்படி எழுந்து வந்தாய் என்பதற்கும் மதிப்பெண் போடச் சொல்கிறேன். துறைக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது சிரித்தார்கள்.