அழவைத்த நாவலை எப்படி ரசிப்பது?

ஒரு நாவலைப் பற்றிக் கேட்டால் நம்மில் பலர் முதலில் சொல்வது, “படித்து முடித்ததும் அழுதுவிட்டேன்” என்பதுதான். அது உண்மையான பேச்சு. அதைக் கேலி செய்யும் விமர்சகர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நெஞ்சைத் தொடாத நாவலைப் பற்றி வெறும் அறிவால் எவ்வளவு நேரம் பேசிவிட முடியும்? ஆனால் பேச்சு அந்த ஒரு வரியோடு நின்றுவிடுவது பெரிய இழப்பு. தொலைக்காட்சித் தொடரில் வரும் சாவும் கண்ணீரை வரவழைக்கிறது, நல்ல நாவலில் வரும் சாவும் வரவழைக்கிறது. கண்ணீரை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. அழுத பக்கத்துக்குத் திரும்பிப் போய், யாருக்காக அழுதேன், எதற்காக அழுதேன், எழுத்தாளர் என்ன செய்ததால் அழுதேன் என்று கேட்கும்போதுதான் ரசனை தொடங்குகிறது. அப்படிக் கேட்பதால் உணர்ச்சி வற்றிப்போவதில்லை, கூர்மையாகிறது.

கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது எந்த வகை அழுகை என்பது. இதற்கு நம்மிடமே பழைய கருவி ஒன்று இருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படும் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் பிறக்க நான்கு காரணங்களைத் தருகிறது. அழுகைக்கு அது சொல்பவை இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இழிவாக நடத்துவதால் வருவது இளிவு. உயிரையோ உறவையோ உடைமையையோ பறிகொடுப்பது இழவு. இருந்த நிலையிலிருந்து சரிந்து விழுவது அசைவு. இல்லாமையால் வருவது வறுமை. இமையத்தின் ‘செல்லாத பணம்’ (2018) நாவலை இந்த நான்கையும் மனதில் வைத்துக்கொண்டு வாசித்துப் பாருங்கள். பொறியியல் படித்த ரேவதி, வீட்டார் எதிர்ப்பை மீறி, ஆட்டோ ஓட்டும் ரவியை மணக்கிறாள். சில ஆண்டுகளில் உடலெல்லாம் வெந்து புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் கிடக்கிறாள். முதல் வாசிப்பில் நாம் அழுவது அவள் உயிருக்காக, அதாவது இழவுக்காக. மறுமுறை வாசிக்கும்போது கண் அவள் அப்பாவின் பக்கம் திரும்புகிறது. அவர் தலைமை ஆசிரியர். ஊரில் மதிப்பு, வீடு, சேமிப்பு எல்லாம் உள்ளவர். எவ்வளவு செலவானாலும் செய்யத் தயாராக நிற்கிறார். ஆனால் அந்த வார்டின் வாசலில் அவர் பணத்தால் வாங்கக்கூடியது எதுவுமில்லை. வாழ்நாள் முழுக்கச் செல்லுபடியான அத்தனையும் ஒரே இரவில் செல்லாமல் போகிற சரிவு அது. தலைப்பே அந்த அசைவைத்தான் சொல்கிறது. காத்திருக்கும் உறவினர்களின் பேச்சு வழியாகவே பெரும்பகுதி நகர்வதால், இங்கே அழு என்று கதைசொல்லி நம்மிடம் எங்கும் சொல்வதில்லை. இழவுக்கு அழுத வாசகர் அசைவையும் கண்டுகொள்ளும்போது நாவல் ஒரு பெண்ணின் சாவுக்கதை என்ற எல்லையைத் தாண்டி, ஒரு குடும்பம் எதையெல்லாம் நம்பி வாழ்ந்தது என்ற விசாரணையாக விரிகிறது.

இரண்டாவது கேள்வி, எழுத்தாளர் எங்கே கையை இழுத்துக்கொண்டார் என்பது. பூமணியின் ‘வெக்கை’ (1982) இதற்குச் சிறந்த பாடம். அண்ணனைக் கொன்ற நிலவுடைமையாளரைப் பதினைந்து வயதுச் சிதம்பரம் வெட்டிச் சாய்ப்பதில் நாவல் தொடங்குகிறது. வேறொருவர் எழுதியிருந்தால் உச்சக்கட்டமாக வைத்திருக்கக்கூடியதை முதல் பக்கங்களிலேயே முடித்துவிட்டு, அப்பனும் மகனும் எட்டு நாட்கள் காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து திரிவதைத்தான் பூமணி எழுதுகிறார். எங்கே படுப்பது, எதைப் பொறுக்கிக் காய்ச்சிக் குடிப்பது, தீயின் வெளிச்சம் யார் கண்ணிலும் படாமல் எப்படிச் சமைப்பது, இவைதான் கதை. கொலை செய்துவிட்டு வந்த பையனைப் பார்த்து அப்பன் புலம்புவதில்லை. அவன் வயிறு நிறைந்ததா என்று பார்க்கிறார். நம் தொண்டை அடைப்பது அந்த இடத்தில்தான். பாசம் என்ற சொல்லை எழுதாமல், அடுப்பு மூட்டுவதையும் சோறு பங்கிடுவதையும் மட்டும் எழுதி அதை நமக்குள் எழுப்புகிறார். இந்த நாவலைத் தழுவி வெற்றிமாறன் எடுத்த ‘அசுரன்’ (2019) படத்தைப் பார்த்தவர்களுக்கு ஓர் எளிய பயிற்சி இருக்கிறது. படத்தின் பாரம் அப்பனின் கடந்தகாலத்திலும் அவரது வீரத்திலும் இறங்குகிறது. நாவலின் பாரம் பையனின் கண்களில் இருக்கிறது. இரண்டும் உங்களை எந்தெந்த இடத்தில் உலுக்கின என்று பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடங்கிய எழுத்தும் பொங்கும் காட்சியும் ஒரே கதையிலிருந்து எப்படி வெவ்வேறு உணர்ச்சிகளைக் கறக்கின்றன என்பது தெரியும்.

மூன்றாவது கேள்வி சற்று சங்கடமானது. நம் இரக்கத்தை அந்தப் பாத்திரம் ஏற்றுக்கொள்ளுமா? இமையத்தின் முதல் நாவலான ‘கோவேறு கழுதைகள்’ (1994) படித்தவர்கள் ஆரோக்கியத்தை மறக்க மாட்டார்கள். தலித் குடியிருப்புக்குத் துணி வெளுத்து, பிறப்பிலும் இறப்பிலும் தன் தொழிலைச் செய்து, இரவில் வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்கிக் குடும்பம் நடத்துகிறவள். அவளைப் பார்த்து நமக்குப் பரிதாபம் பொங்குகிறது. ஆனால் அவள் தன்னைப் பரிதாபமாக நினைப்பதில்லை. இந்தச் சனங்களின் துணியை வெளுப்பது தன் கடமை, அவர்கள் தன்னைக் கைவிட மாட்டார்கள் என்று நம்புகிறாள். ஊரை விட்டுப் போய்விடலாம் என்ற பேச்சு அவளுக்குப் பிடிப்பதில்லை. அவளைக் குறைத்து நடத்துகிறவர்களும் மேலே உள்ளவர்களிடம் மிதிபடுகிறவர்கள்தான். ஆகவே திட்டித் தீர்க்க ஒரு வில்லன் கிடைப்பதில்லை, தேற்றிவிட ஓர் அபலையும் கிடைப்பதில்லை. இது இளிவிலிருந்து பிறக்கும் அழுகை; ஆனால் அந்த இளிவு அவளைவிட நமக்குத்தான் முதலில் உறைக்கிறது. இந்த இடைவெளியைக் கவனித்த வாசகர், எளிதாக வந்த தன் கண்ணீரைச் சந்தேகிக்கக் கற்றுக்கொள்கிறார்.

இவ்வளவு ஆராய்ந்தால் உணர்ச்சி செத்துப்போகாதா என்று கேட்பவர்கள் உண்டு. பூவைப் பிய்த்துப் பார்த்தால் மணம் போய்விடும் என்பார்கள். ஆனால் எழவு வீட்டில் நடப்பது வேறு. ஒப்பாரி வைக்கும் பெண்களுக்கு யார் கட்டிப் பாடுகிறார்கள், யார் சும்மா இழுக்கிறார்கள் என்பது துல்லியமாகத் தெரியும். நல்ல ஒப்பாரியை அடையாளம் காணும் அதே பெண்கள்தான் அதற்கு அதிகமாக உருகவும் செய்கிறார்கள். மெய்ப்பாட்டியலும் முடிவில் இதைத்தான் சொல்கிறது: கண்ணாலும் செவியாலும் திண்ணமாக உணரத் தெரிந்தவர்களுக்கே மெய்ப்பாடு பிடிபடும். உணர்வதற்கும் கூர்ந்து கவனிப்பதற்கும் நடுவே அந்த நூல் சுவர் எழுப்பவில்லை. மறுவாசிப்பில் கரைந்துபோகும் உணர்ச்சி ஒன்று உண்டுதான். அது திடீர் விபத்தாலும் தற்செயலாலும் கிளப்பிவிடப்பட்டது. காரணம் தெரிந்ததும் அதற்குள் வேறொன்றும் மிஞ்சுவதில்லை. அப்படிக் கரைவது நாவலின் குறை, வாசகர் ஆராய்ந்ததன் குற்றமல்ல.

எனக்கு அழுகையே வரவில்லையே, நான் நல்ல வாசகன் இல்லையா என்பது எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் கவலை. அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ (1973) நாவலில் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைவதும், தெருவைத் தோண்டிப் போடுவதுமாகவே சென்னையின் வறட்சி வருகிறது. நாயகி ஜமுனா சாவின் விளிம்புக்குப் போகும் பகுதியிலும் மொழி துளியும் குரலுயர்த்துவதில்லை. அதைப் படித்து அழாதவர்கள் ஏராளம். ஆனால் நாட்கணக்கில் மனம் இறுகிக் கிடந்தது என்பார்கள். அதுவும் ஆழமான எதிர்வினையே. ‘வெக்கை’ சிலருக்குள் அழுகையைவிட வெகுளியைத்தான் மூட்டும். வெகுளிக்குத் தொல்காப்பியம் தரும் காரணங்களில் கொலையும் ஒன்று. அழுகை எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்று மட்டுமே என்பதை நினைவில் வையுங்கள். இதன் மறுபக்கமும் உண்டு. அண்மையில் யாரையோ பறிகொடுத்தவர் சுமாரான புத்தகத்துக்கும் தேம்பி அழலாம். அந்தக் கண்ணீர் மதிப்புக்குரியது. ஆனால் அதில் சொந்தத் துக்கம் எவ்வளவு, நாவல் தந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால்தான் இரண்டுக்கும் நியாயம் செய்ய முடியும்.

கடைசி ஆட்சேபம் கனமானது. பிறர் துயரத்தைச் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு ரசிப்பது ஒழுங்கா? அழுது முடித்து மனம் லேசாகி, நான் எவ்வளவு இளகியவன் என்ற திருப்தியோடு புத்தகத்தை மூடினால் அந்தக் கேள்வி நியாயமானது. அதற்காகவே இரண்டாம் பார்வையை வற்புறுத்துகிறேன். கவனம் நம் கண்ணீரிலிருந்து ஆரோக்கியத்தின் உழைப்புக்கும், ரேவதியின் அப்பா நம்பிய மதிப்பீடுகளுக்கும், சிதம்பரத்தின் குடும்பம் பறிகொடுத்தவற்றுக்கும் நகர்வது அங்கேதான். ஆகவே செய்ய வேண்டியது இவ்வளவே. மனம் கலங்கிய பக்கத்தைக் குறித்து வையுங்கள். சில நாட்கள் விட்டு, அதற்கு முந்தைய பத்துப் பக்கங்களிலிருந்து மெதுவாகப் படியுங்கள். எந்த மெய்ப்பாடு, எதனால், எழுத்தாளர் எதைச் சொல்லாமல் விட்டார் என்று நாலு வரி எழுதுங்கள். பிறகு அந்தப் புத்தகத்தை நண்பரிடம் கொடுக்கும்போது, படித்தால் அழுவாய் என்று சொல்லத் தேவையிருக்காது. அதில் வாழும் மனிதர்களைப் பற்றிப் பேசவே உங்களிடம் நிறைய இருக்கும்.