பொன்னும் முகமும்

இடைக்காலப் பிற்பகுதி ஸ்பானியப் பலிபீட ஓவியங்களின் பொற்பூச்சினைப் பழமைப்பற்றின் எச்சமெனத் தள்ளுவாருளர். தரோக்கா நகர்க் கோயிலுக்காக பார்த்தொலொமே பெர்மெஹோ 1474-77இல் தீட்டியதும், இன்று மாட்ரிட் பிராதோ அருங்காட்சியகத்தில் உள்ளதுமான சீலோஸ் புனித தொமிங்கோ ஓவியம் இக்கருத்துக்கு இடந்தரவில்லை. 11ஆம் நூற்றாண்டினரான இப்புனிதர் துறவு மடத்தின் தலைவரேயன்றி ஆயர் அல்லர். எனினும் ஆயர்க்குரிய முடியும் கோலும் தாங்கி, ஏழு நற்பண்புகள் பெண்ணுருவில் சூழ்ந்த அரியணையில் வீற்றிருக்கின்றார். அப்பொன் புடைத்தெழுந்து சிற்பத்தை ஒக்கின்றது. எண்ணெய் வண்ணத்தில் அமைந்த முகமோ சதையும் சுருக்கமும் உடைய மானிட முகம். பொன்னைப் புரவலர்க்கும் முகத்தை ஓவியர்க்கும் உரியதாகப் பகுத்தல் பொருந்தாது: பொன்னை நீக்கின் எஞ்சுபவர் யாரோ ஒரு முதியவர், முகத்தை நீக்கின் ஆளற்ற அரியணை. மேலாடையில் பூந்தையல்போல் தோன்றும் சிறு புனிதர்களும் தூரிகையின் ஆக்கமே.