மாயாண்டியிடம் தமிழ் கேளுங்கள்

சீனம் படிப்பவர்களுக்கு ஜியா லிங்கின் ‘ஹாய், மாம்’ படத்தைச் சொல்லலாம். சிரிக்க வைத்தே அழவும் வைக்கும். தமிழ் படிக்க ஒரு படம் கேட்டால் நான் சொல்வது மணிகண்டனின் ‘கடைசி விவசாயி’. 2022-இல் வந்தது. லீவுக்கு ஜெயமங்கலம் கிராமத்துக்கு வருகிற பெங்களூருப் பேரப்பிள்ளைகளுக்கும் இதையே போட்டுக் காட்டலாம். படத்தில் வரும் உசிலம்பட்டிப் பக்கத்துப் பேச்சு ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டி ஜெயமங்கலம் வந்தாலும் பெரிதாக மாறிவிடுவதில்லை.

படத்தின் நாயகன் மாயாண்டித் தாத்தாவுக்குக் காது மந்தம். அதனால் எதிரில் நிற்பவர்கள் சத்தமாக, நிறுத்தி, சொன்னதையே திரும்பச் சொல்கிறார்கள். மொழி பழகுகிறவருக்கு வேறென்ன வேண்டும்? மாயாண்டியாக நடித்த நல்லாண்டி நிஜ விவசாயி; வசனம் ஒப்பிக்கத் தெரியாதவர், பேசுகிறார், அவ்வளவுதான்.

கதையில், செத்துக் கிடந்த மயில்களைப் புதைத்த மாயாண்டி மேல் அவற்றைக் கொன்றதாக வழக்கு. கோர்ட்டில் கேள்வி சட்டத்தின் பாஷையில் வருகிறது, பதில் வயக்காட்டுப் பேச்சில் போகிறது. தாத்தாவுக்குக் கவலை ஜெயில் அல்ல, பயிர் வாடிவிடுமே என்பதுதான். கடைசியில் தண்ணீர் பாய்ச்சும் வேலை ஒரு போலீஸ்காரர் தலையில் விழுகிறது!

படம் மெதுவாகத்தான் நகரும். விஜய் சேதுபதி வரும் இடங்களுக்கு மொழியறிவோடு கொஞ்சம் முருக பக்தியும் தேவைப்படும். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது இதற்குக் கிடைத்தது. நல்லாண்டியோ படம் வெளியாகும் முன்பே காலமாகிவிட்டார்.

முதல் தடவை சப்டைட்டிலோடு பாருங்கள். கோர்ட் காட்சியை மட்டும் அடுத்த நாள் சப்டைட்டில் இல்லாமல் ஓடவிடுங்கள்.